கூண்டு ஏற்றினால் புயல் வருமா? விதி, காரணம், மாடல்: ஒரு விரிவான பதில்

பாம்பனைச் சேர்ந்த ஓர் இயற்பியல் மாணவர் கேட்டது இது: “‘வாவு வந்தா தண்ணி ஏறும்’ என்கிறார் என் தாத்தா; அமாவாசையையும் பௌர்ணமியையும்தான் வாவு என்கிறார். ‘ஈர்ப்பு விதிதான் காரணம்’ என்கிறார் எங்கள் பேராசிரியர். போனில் உள்ள ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையில் நிலாவும் இல்லை, விதியும் இல்லை. நேரமும் சென்டிமீட்டரும் மட்டும் இருக்கின்றன, கேட்டால் அது மாடல் என்கிறார்கள். விதி, காரணம், மாடல் மூன்றும் ஒன்றுதானா? இல்லையென்றால் இதில் எது எது?”

தம்பி, ‘ஈர்ப்பு விதிதான் காரணம்’ என்ற சொற்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் கரும்பலகை முன் நின்று நானும் இதையே சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்று, சும்மா உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்த பிறகுதான் உறைத்தது. கடலை இழுப்பது நிலா. விதி எதையும் இழுப்பதில்லை. நிலா எவ்வளவு இழுக்கும், தூரம் கூடினால் அந்த இழுப்பு எப்படிக் குறையும் என்று சொல்வதோடு விதியின் வேலை முடிந்தது. கல்யாணப் பத்திரிகை தாலி கட்டாது.

நம் மொழியில் இந்தக் குழப்பம் இன்னும் கொஞ்சம் அதிகம். ‘விதி’ என்றாலே நமக்குத் தலைவிதி ஞாபகம் வருகிறது. அடுத்து சாலை விதி. இரண்டிலும் மேலே யாரோ உட்கார்ந்து எழுதிவைக்க, கீழே இருப்பவர் கைகட்டி நடக்கிறார். ஐரோப்பாவிலும் கதை வேறில்லை. 17-ஆம் நூற்றாண்டில் இயற்கையின் விதிகளைப் பற்றி எழுதிய டெகார்ட்டும் நியூட்டனும் அந்த விதிகளை இயற்றியவர் கடவுள் என்று உண்மையாகவே நம்பினார்கள். பின்னால் வந்தவர்கள் கடவுளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்; சொல் மட்டும் தங்கிவிட்டது. உத்தரவு போட்டவர் போன பிறகும் உத்தரவு நிற்கிறது என்றால் அது என்ன வகை உத்தரவு? அறிவியல் தத்துவத்தில் இன்றும் ஓயாத சண்டை இதுதான்.

முதலில் விதியையும் காரணத்தையும் பிரித்துப் பார்க்கலாம். 1948-இல் கார்ல் ஹெம்பலும் பால் ஓப்பன்ஹைமும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒன்றை விளக்குவது என்றால் என்ன என்பதற்கு அவர்கள் தந்த பதில் சுருக்கமானது: ஒரு விதியை எடு, அன்றைய நிலவரத்தைச் சேர், இரண்டிலிருந்தும் நடந்ததைக் கணக்காக வருவி, வந்துவிட்டால் விளக்கியாகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது, பாடத்தில் மதிப்பெண் போடவும் வசதி.

இப்போது ராமேசுவரம் டிவி கோபுரத்தைப் பாருங்கள். உயரம் 323 மீட்டர். சூரியன் 45 டிகிரியில் நிற்கும்போது அதன் நிழலும் 323 மீட்டர் நீளம் விழும். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற விதியும் கோபுரத்தின் உயரமும் தெரிந்தால் நிழலின் நீளத்தைக் கணக்கிடலாம். ஹெம்பல் சொன்னபடி நிழலை விளக்கியாகிவிட்டது, யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நிழலின் நீளத்திலிருந்து கோபுரத்தின் உயரமும் வந்துவிடுகிறதே! நிழல் இவ்வளவு நீளமாக இருப்பதால்தான் கோபுரம் இவ்வளவு உயரம் என்று யாராவது சொல்வார்களா? உயரத்தைத் தீர்மானித்தது ஒளிபரப்பு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்ற தேவை. கொடிக்கம்பத்தை வைத்துச் சொல்லப்படும் இந்த எதிர்வாதத்தை முதலில் எடுத்தவர் சில்வன் ப்ராம்பெர்கர். கணக்கு இரண்டு பக்கமும் ஓடும். காரணம் ஒரு பக்கம்தான் ஓடும். கணக்கில் இல்லாத அந்தத் திசை எங்கிருந்து வருகிறது?

உங்கள் ஊர்க் கூண்டிலேயே பதில் இருக்கிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும். 1-ஆம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகிறது. 10 வரை ஏறிக்கொண்டே போகும். 11 வேறு ரகம்: வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள், எனக்கு எப்போதும் அதுதான் அதிகம் பயம். கூண்டு ஏறினால் பெரும்பாலும் காற்று வருகிறது. ஏறாத நாளில் பெரும்பாலும் வருவதில்லை. எண் பெரிதானால் காற்றும் பெரிது. வெறும் ‘ஒன்றை அடுத்து மற்றொன்று’ என்ற ஒழுங்கை மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல ஒழுங்கு கிடைக்காது. ஆனாலும் யாராவது ராத்திரியில் ஏறிக் கூண்டை இறக்கிவிட்டால் புயல் திரும்பிப் போய்விடுமா? போகாது. கூண்டுக்கும் காற்றுக்கும் பின்னால் மூன்றாவதாக ஒன்று, வங்கக் கடலில் உருவான தாழ்வுப்பகுதி, இரண்டையும் ஆட்டுகிறது.

இதே கூண்டைப் பற்றிச் சம்மாட்டிமார் (படகு முதலாளிகள்) சொல்லும் குறையையும் கேட்டிருப்பீர்கள்: “கூண்டு ஏத்துனதால நாலு நாள் தொழில் போச்சு.” இது சரியான காரண வாக்கியம்! கூண்டு ஏறினால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, டோக்கன் இல்லையென்றால் படகு போகாது. கூண்டு ஏறாமல் இருந்திருந்தால் போயிருப்பார்கள். ஒரே கூண்டு, ஒரு விளைவுக்குக் காரணம், இன்னொன்றுக்கு வெறும் அடையாளம். வித்தியாசம் எங்கே? கை வைத்துப் பார்ப்பதில். இதை மாற்றினால் அது மாறுமா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் காரணம், இல்லை என்று வந்தால் அடையாளம். தத்துவவாதி ஜேம்ஸ் வுட்வர்ட் 2003-இல் இந்த எண்ணத்தை ஒரு முழுக் கோட்பாடாகவே கட்டினார். தமிழில் ‘காரண காரியம்’ என்று சேர்த்தே சொல்கிறோம். காரியம் என்றால் ஆக வேண்டிய வேலை என்றும் பொருள் உண்டு. எதைத் தொட்டால் காரியம் ஆகுமோ அது காரணம்.

(நிலாவை யாரும் கை வைத்து நகர்த்த முடியாதே என்று கேட்பீர்கள். முடியாதுதான். நகர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடிந்தால் போதும். அதைச் சொல்வதற்குத்தான் விதி வேண்டியிருக்கிறது.)

‘ஒன்றை அடுத்து ஒன்று’ என்பதைத் தவிர காரணத்தில் நாம் கண்ணால் காண்பது வேறொன்றும் இல்லை என்று 1739-இல் டேவிட் ஹியூம் எழுதினார். ஒரு பந்து வந்து இடிக்கிறது, மற்றது நகர்கிறது. நடுவே ‘நகர்த்தியது’ என்ற ஒன்றை எங்கே பார்த்தாய் என்று கேட்டார். பதில் சொல்லச் சிரமமான கேள்வி. நம் ஆட்களும் இதில் தூங்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை ராமநாதபுரம் சீமையில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பானைக்கு முன்பு தவறாமல் இருந்தவை எவை? களிமண், சக்கரம், கோல், குயவர். சரி, மண் சுமந்து வந்த கழுதை? குயவருடைய அப்பா? அவர்களும் பானைக்கு முன்பு இருந்தவர்கள்தானே? அவர்களைக் காரணப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று ஒதுக்க ‘அன்யதாசித்தம்’ என்று தனிப் பெயரே வைத்தார்கள். கழுதைக்குப் பதில் மாட்டுவண்டியில் மண் வந்தாலும் பானை பானைதான். ஹியூமிடம் இந்தக் கழுதை இருந்திருந்தால் தத்துவ வகுப்புகள் கொஞ்சம் கலகலப்பாக இருந்திருக்கும்.

அடுத்து, எந்தப் பொது வாக்கியத்தை விதி என்று மதிக்கலாம்? உலகில் ஒரு மைல் விட்டமுள்ள தங்க உருண்டை கிடையாது. அதே அளவு யுரேனியம் 235 உருண்டையும் கிடையாது. இரண்டு வாக்கியமும் உண்மை, வடிவமும் ஒன்றே. ஆனால் முதலாவது தற்செயல். யாரும் அவ்வளவு தங்கத்தைச் சேர்த்து உருக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது அப்படியல்ல. சுமார் 52 கிலோ, அதாவது உரிக்காத தேங்காய் அளவுக்குச் சேர்ந்தாலே அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்று பிளக்கும் தொடர்வினை தொடங்கிவிடும்; ஒரு மைல் உருண்டையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. நடக்காத ஒன்று நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கும் விதி தாக்குப்பிடிக்கும். தற்செயல் உண்மை அங்கே காலை வாரிவிடும்.

ஆனால் உலகத்து வாக்கியங்கள் எல்லாம் இப்படி இரண்டு கூடையில் விழுந்துவிடுவதில்லை. எனக்கு இது விளங்கியது வாலிநோக்கம் உப்பளத்தில். அங்கே ஒரு பெரியவர் கண்ணாடி மிதவைக் குழாயைப் பாத்தித் தண்ணீரில் விட்டுப் பார்த்து, “இருபத்தஞ்சு வரட்டும், தானா விழும்” என்றார். 25 டிகிரி பொமே, அதாவது உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் அளவு. கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரியில் உள்ளே வருகிறது. வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் இறங்குகின்றன. 25-ஐத் தொட்டதும் உப்பு பூக்கிறது. 29, 30-க்கு மேல் விட்டால் மக்னீசியம் உப்பு கலந்து கசக்கும் என்பதால் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். அவர் சொன்னது விதியா?

விதிதான் என்பேன். நாளைக்குப் புதிதாக ஒரு பாத்தி வெட்டினாலும் 25-இல் உப்பு விழும். வெட்டியிருக்காவிட்டாலும், வெட்டியிருந்தால் விழுந்திருக்கும். ஆனால் அது ஈர்ப்பு விதி போல எங்கும் செல்லுபடியாகும் விதி அல்ல. கடல்நீரில் கரைந்துள்ள உப்புகளின் விகிதம் எந்தப் பெருங்கடலிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதைச் கடலாராய்ச்சிக்குச் சென்ற சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை ஆராய்ந்து 1884-இல் டிட்மார் உறுதிப்படுத்தினார். அந்த விகிதத்தின் மேல்தான் பெரியவரின் 25 நிற்கிறது. பூமியின் ஆறுகள் வேறு பாறைகளைக் கரைத்து வந்திருந்தால் எண்ணும் மாறியிருக்கும். விதியா, தற்செயலா என்று கோடு கிழிப்பதைவிட, எவ்வளவு மாற்றத்தைத் தாங்கும் என்று கேட்பது நல்லது. உங்கள் தாத்தாவின் வாவும் இந்த வகைதான்: உறுதியான விதி, ஆனால் ஒரு கரையின் விதி.

இனி மாடல். இதை நான் கற்றது புத்தகத்தில் அல்ல, ஒரு மூங்கிலில். பல வருடம் முன்பு மாணவர்களோடு சேர்ந்து தோணித்துறைப் பக்கம் ஒரு மூங்கிலை நட்டு, விரற்கடைக்கு ஒரு கோடாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். முறை போட்டு ஒரு மாதம் அளந்தோம். இரண்டு வாரத்தில் மூங்கிலின் அடிப்பாகத்தில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டிக் கீழ்க்கோடுகளை மறைத்துவிட, ஒரு பையன் தினமும் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டுவான். அலை அடிக்கும்போது எந்தக் கோட்டை எழுதுவது என்று சண்டை வரும். மேலே ஒன்று, கீழே ஒன்று பார்த்து நடுவில் போடுங்கள் என்றேன். அதுவே ஒரு மாடல் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அலையை வேண்டுமென்றே மறந்துவிட்டு ஓதத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மாதக் கடைசியில் வரைந்து பார்த்தால், ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தி வந்திருந்தது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வீச்சு அதிகம், அட்டமியை ஒட்டிக் குறைவு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒன்றரை முழத்துக்கு மேல் வித்தியாசம் ஒரு நாளும் வரவில்லை.

நியூட்டன் 1687-இல் போட்ட மாடலில் பூமிக்குக் கரையே கிடையாது. உருண்டை முழுக்க ஒரே சீராக ஆழமான நீர். இலங்கை இல்லை, இந்தியா இல்லை, நீர் நிலாவுக்கு உடனுக்குடன் கீழ்ப்படிகிறது. அந்தக் கணக்குப்படி நிலாவால் சுமார் 54 சென்டிமீட்டர், சூரியனால் சுமார் 25 சென்டிமீட்டர் ஏறி இறங்க வேண்டும். வாவு நாளில் இரண்டும் சேர்ந்து 79. எங்கள் மூங்கிலின் ஒன்றரை முழம் ஏறக்குறைய 70. பையன்கள் கைதட்டினார்கள், நானும் பூரித்துப்போனேன். பிறகு யோசித்தால், அதே நியூட்டன் கணக்கு குஜராத்தின் காம்பே வளைகுடாவுக்கும் அதிகபட்சம் 79 என்றுதானே சொல்லும்? அங்கே ஏறி இறங்குவது 10 மீட்டர் வரை. எங்கள் கரையில் விடை பொருந்தியது காக்கை உட்கார்ந்ததால்.

அப்படியானால் நியூட்டன் மாடல் குப்பையா? இல்லை. ஒரு நாளில் ஏன் இரண்டு ஏற்றம், ஏன் 50 நிமிடம் பிந்துகிறது, ஏன் வாவுக்கு வீச்சு கூடுகிறது என்பதற்கெல்லாம் அதுதான் பதில் தருகிறது. நேரத்தின் தாளத்தைச் சரியாகப் பிடித்தது, உயரத்தைக் கோட்டைவிட்டது. 1775-ஐ ஒட்டி லப்லாஸ் ஓதத்தை ஓடும் நீராகவே பார்த்து, பூமியின் சுழற்சியையும் சேர்த்துச் சமன்பாடுகள் எழுதினார். சமன்பாடு சரி, ஆனால் பாம்பன் கால்வாய்க்கு அதைத் தீர்க்க, அடியில் உள்ள பாறை மணல் அத்தனையின் வடிவமும் வேண்டும். அந்தக் காலத்தில் யாராலும் ஆகாத வேலை.

உங்கள் போனில் இருக்கும் அட்டவணை இன்னொரு வழியில் வந்தது. 1860-களில் கெல்வின் பிரபு பிடித்த வழி. நிலாவின் சுற்றுக்கு ஒரு தாளம்: 12 மணி 25 நிமிடம். சூரியனுக்கு ஒன்று: சரியாக 12 மணி. நிலாவின் பாதை சாய்வுக்கு, தூரம் மாறுவதற்கு என்று மேலும் பல. ஒவ்வொன்றின் கால அளவையும் வானியல் கொடுத்துவிடுகிறது. ஆனால் உங்கள் ஊரில் ஒவ்வொரு தாளமும் எவ்வளவு உயரம், எவ்வளவு தாமதம் என்பதை எந்த விதியும் கொடுக்காது. அங்கே கம்பு நட்டு அளந்தே ஆக வேண்டும். அளந்ததைப் பிரித்து எடுத்து, மறுபடி கூட்டி முன்னோக்கி ஓட்டினால் அடுத்த வருட அட்டவணை தயார். இந்தியத் துறைமுகங்களுக்காக 1879-இல் லண்டனில் இதற்கென்றே பித்தளைச் சக்கரமும் கப்பியும் வைத்து ஓர் இயந்திரம் செய்தார்கள். ஒரு சக்கரம் நிலா, ஒரு சக்கரம் சூரியன். எல்லாக் கப்பி மேலும் ஓடும் ஒற்றைக் கம்பி நுனியில் பேனா. நிலாச் சக்கரமும் சூரியச் சக்கரமும் சுமார் 14¾ நாளுக்கு ஒருமுறை ஒன்றாக உச்சிக்கு வரும். தாத்தாவின் வாவு அதுதான்.

அந்தப் பித்தளைச் சக்கரம் நிலாவா? இல்லை. நிலா மாதிரி. மாடலுக்கான நம் சொல்லே ஒப்புக்கொள்கிறது பாருங்கள்: ‘அது மாதிரி’ என்றால் அது அல்ல என்றுதான் அர்த்தம். ஆகவே மாடல் உண்மையா பொய்யா என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். எதற்குப் பொருந்தும், எங்கே கைவிடும் என்பதுதான் கேள்வி. அட்டவணை நாளைய ஏற்றத்தை நன்றாகச் சொல்லும். கால்வாயைத் தூர்வாரி ஆழப்படுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டால் வாயடைத்துப்போகும், ஏனென்றால் பழைய கால்வாயின் அளவுகள்தான் அதன் வயிற்றில் இருக்கின்றன. அந்தக் கேள்விக்கு லப்லாஸ் வழியில் கணினியில் ஓடும் மாடல்தான் வேண்டும். முன்கூட்டிச் சொல்வது ஒரு திறமை, மாற்றினால் என்ன ஆகும் என்பது வேறு திறமை. இரண்டும் ஒரே மாடலில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

1983-இல் தத்துவவாதி நான்சி கார்ட்ரைட் இதைவிடக் கடுமையாகச் சொன்னார்: இயற்பியலின் பெரிய விதிகள் உலகத்தைப் பற்றிப் பொய்தான் சொல்கின்றன, மாடலுக்குள் மட்டுமே அவை மெய். காற்றில் பறக்கும் ரூபாய் நோட்டு எங்கே விழும் என்று நியூட்டனால் சொல்ல முடியுமா என்பது ஆட்டோ நாய்ராத்திடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட உதாரணம். பாம்பன் பாலத்தில் கையிலிருந்த ஐந்நூறு ரூபாயைக் காற்றுக்குக் கொடுத்தவர்கள் அவர் பக்கம்தான் நிற்பார்கள். எனக்கு அவர் பாதி தூரம் சரி. கணக்கிட முடியவில்லை என்பதால் நோட்டின் மேல் ஈர்ப்பு இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் எல்லா விதியும் எல்லா இடத்திலும் தனியாக நின்று ஆட்சி செய்கிறது என்ற பாடப்புத்தக மயக்கத்தை அவர் கலைத்தது நல்ல காரியம்.

உத்தரவு போடுபவர் இல்லாத உத்தரவு என்ன என்று மேலே கேட்டேன் அல்லவா? தத்துவவாதி டேவிட் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கட்சிக்காரர்கள் பண்புகளுக்கு இடையே உண்மையாகவே ஒரு கட்டாயம் இருக்கிறது என்பார்கள். டேவிட் லூயிஸ், உலகில் நடந்ததையெல்லாம் மிகக் குறைந்த வரியில் மிக அதிகமாகச் சொல்லும் சுருக்கம் எதுவோ அதுவே விதி என்றார். நான் லூயிஸ் பக்கம் சாய்ந்தவன். அப்படியென்றால் சுருக்கம் எப்படி எதையும் விளக்கும் என்று கேட்டு என்னை மடக்கலாம். என்னிடம் நல்ல பதில் இல்லை.

கடைசியாக ஒன்று. பாம்பனில் கடல் உள்வாங்கினால் சங்கும் பாசியும் சேறும் வெளியே தெரியும், நாட்டுப்படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும். உடனே சுனாமி என்று போன் பறக்கும். 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள் என்பதால் வாவோடும் முடிச்சுப் போடுவார்கள். அன்று நடந்தது சுமத்ரா அருகே கடலடித்தட்டு பிளந்து எழுந்தது. நீர் உள்வாங்கி நிமிடக்கணக்கில் திரும்பியது. இங்கே அடிக்கடி காண்பது மணிக்கணக்கில் நடப்பது. எங்கள் மூங்கில் கணக்கில் நாலு நாள் மட்டும் எந்தத் தாளத்துக்கும் அடங்காமல் கீழே போயிருந்தது. நாலு நாளும் பலத்த கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. பாக் நீரிணையில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டருக்கும் குறைவு. ஆழமில்லாத நீரைக் காற்று எளிதில் ஒதுக்கித் தள்ளும். காற்றுதான் காரணம் என்று அன்று எழுதிவைத்தேன், ஆனால் அது கூண்டு போல வெறும் அடையாளமா இல்லையா என்று சோதிக்கவில்லை.

நீங்கள் செய்யலாம். வடக்குக் கரையில் ஒரு கம்பு, தெற்குக் கரையில் ஒரு கம்பு. கச்சான் பிடிக்கும் நாட்களில் இரண்டையும் மணிக்கொரு முறை பார்த்து, 25 மணி நேரச் சராசரி எடுங்கள்; அதில் நிலாவின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். காற்று காரணம் என்றால் பெண்கடல் (வடக்கு, பாக் நீரிணை) பக்கம் சராசரி இறங்கும் அதே நாளில் ஆண்கடல் (தெற்கு, மன்னார் வளைகுடா) பக்கம் ஏற வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் நான் எழுதியது தப்பு, வேறு எதையோ தேட வேண்டும். கொட்டலசைச் சுரண்ட மட்டும் மறக்காதீர்கள்.